மரம் எழுதி வைத்த மழைக் கணக்கு

(வடபகுதிச் சுற்றுலாவில் கலந்துகொண்ட தோட்டக் குடும்பங்களுக்காகத் தெல்லிப்பழையில் நடைபெற்ற மாலைக் கூட்டத்தில், தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நலன்புரிக் கூட்டம் என்றால் போசாக்கு, சேமிப்பு, குடிதண்ணீர், பிள்ளைகளின் படிப்பு என்றுதான் நாம் வழக்கமாகப் பேசுவோம். இன்று மரத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். "மரத்தைப் பற்றி எங்களுக்குத் தெரியாததா?" என்று நீங்கள் நினைக்கலாம். செடியோடும் மரத்தோடும் காலந்தள்ளுகிற சனங்கள்தான் நாம். ஆனாலும் மரம் தன் உடம்புக்குள்ளே வருசா வருசம் மழைக் கணக்கு எழுதி வைக்கிறது என்பதும், அந்தக் கணக்கைப் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதும், அதிலே நம்முடைய பாட்டன் பூட்டன் கதையும் ஓர் ஓரத்தில் இருக்கிறது என்பதும் நம்மில் பலர் கேள்விப்படாத சங்கதி. ஆகவே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்க.

பனை ஏன் கணக்கு எழுதுவதில்லை?

தெல்லிப்பழைக்கு வந்த நேரம் முதல் உங்கள் கண்ணில் அதிகம் பட்டது பனைமரந்தான். வேலியோரமும் பனை, வயலோரமும் பனை. இங்குள்ள மக்களுக்கு ஓலை, பழம், ஒடியல், மரம் என்று எல்லாவற்றையும் கொடுப்பது அதுதான். இந்தப் பனைக்கு வயது என்ன என்று கேட்டால், நட்டவர் சொன்னால்தான் உண்டு. மரத்தைத் தறித்துப் பார்த்தாலும் வயது தெரியாது.

மரக்காலைக்குப் போனால் இதை நேரிலே பார்க்கலாம். பனையைக் குறுக்கே அறுத்தால் வெளிப்பக்கம் கறுத்து வைரமாக இருக்கும். உட்பக்கம் சோறு போல மென்மையாக இருக்கும். இடையிலே கறுப்பு நார்கள் புள்ளி புள்ளியாகத் தெரியும். வட்ட வட்டமான கோடு எதுவும் இருக்காது. தென்னையும் அப்படித்தான். இவை புல்லுக்கும் மூங்கிலுக்கும் உறவான சாதி. ஒருமுறை பருத்த தண்டு பிறகு வருடந்தோறும் புதிய மரப்படை போட்டுப் பருப்பதில்லை, உயரத்துக்குத்தான் போகும். பனையின் வெளிப்பக்கத்தில் வரி வரியாகத் தெரிவது ஓலை விழுந்த தழும்பு. அதை எண்ணி வருடம் சொல்ல முடியாது.

பைன், தேக்கு போன்ற மரங்களின் சங்கதி வேறு. இவற்றில் பட்டைக்கும் மரத்துக்கும் இடையே மெல்லிய உயிருள்ள தோல் போன்ற படை ஒன்று உண்டு. அதுதான் ஒவ்வொரு வருடமும் உட்பக்கமாகப் புதிய மரத்தைக் கட்டிக்கொண்டு போகிறது. மழை வந்து மண் நனைந்திருக்கும் காலத்தில் வேகமாகக் கட்டும். அந்தப் பகுதி அகலமாகவும் வெளிறிய நிறமாகவும் இருக்கும். ஈரம் குறையக் குறைய வேலை மெதுவாகும். அப்போது கட்டிய பகுதி நெருக்கமாகவும் கறுத்தும் இருக்கும். பிறகு வரண்ட காலத்தில் வேலை நின்றுவிடும். அடுத்த மழைக்கு மறுபடி தொடங்கும். ஒரு வெளிறிய பட்டியும் ஒரு கறுத்த பட்டியும் சேர்ந்தால் ஒரு வளையம். ஒரு வளையம் என்றால் ஒரு வருடம்.

நல்ல மழை பெய்த வருடத்தில் வளையம் அகலமாக இருக்கும். மழை பொய்த்த வருடத்தில் நூல் மாதிரி ஒடுங்கிப் போகும். இந்தச் சின்ன விசயத்தை வைத்துக்கொண்டுதான் விஞ்ஞானிகள் நூற்றுக்கணக்கான வருடத்து மழையைத் திரும்பக் கண்டுபிடிக்கிறார்கள். இதை முறையான கல்வியாக ஆக்கியவர் அமெரிக்காவின் அரிசோனாவில் வேலை செய்த டக்ளஸ் என்ற வானியல் அறிஞர். சூரியனைப் பற்றி ஆராயப் போனவர், வரண்ட நிலத்துப் பைன் மரங்களில் மழையின் எழுத்தைக் கண்டார். 1937 இல் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் மரவளைய ஆய்வுகூடத்தை அவரே தொடங்கி வைத்தார்.

நம்ம பக்கத்துப் பைனஸ்

"அப்படியானால் எங்கள் தோட்டத்துக்கு மேலே இருக்கிற பைனஸ் காட்டிலும் இது எழுதியிருக்குமா?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி.

நமது மலைநாட்டில் காணும் பைனஸ் பெரும்பாலும் கரிபியன் பைன் என்ற இனம். அது இங்கே தானாக முளைத்த மரமில்லை. இலங்கையில் சொந்தப் பைன் எதுவும் கிடையாது. புல் மண்டிய பத்தனைகளிலும், கைவிட்ட தேயிலை நிலங்களிலும், 1970களிலும் 1980களிலும் பெருமளவில் நட்டார்கள். ஊசியிலைகளைப் பிடுங்கி எண்ணிப் பாருங்க, பெரும்பாலும் மூன்று ஊசி ஒரு கட்டாக இருக்கும். ஆக, இந்த மரங்களுக்கு வயது ஐம்பதைச் சுற்றித்தான். நமது நாட்டில் மழை அளந்து எழுதிய புத்தகம் அதைவிட மூத்தது. ஆகவே பழைய கதை சொல்ல அந்த மரங்களுக்கு வயது போதாது.

இன்னொரு காரணமும் உண்டு. மரம் தெளிவாக எழுத வேண்டுமென்றால் வருடத்தில் ஒரு காலம் அது ஓய்ந்திருக்க வேண்டும். குளிர் நாடுகளில் பனிக்காலம் மரத்தை நிறுத்திவிடும். நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் வரண்ட காலந்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் வருடத்துக்கு ஏறக்குறைய 5000 மில்லிமீற்றர் மழை. அங்கே மரத்துக்கு ஓய்வே கிடைப்பதில்லை. கொழுந்துக்கு அது நல்லது, வளையத்துக்கு நல்லதில்லை. இடையில் இரண்டு கிழமை வெயில் எறித்துப் பிறகு மழை பிடித்தால், ஒரே வருடத்தில் இரண்டு கோடு விழுந்துவிடும். இதைப் பொய் வளையம் என்கிறார்கள். அதை எண்ணினால் வருடக் கணக்குப் பிழைத்துவிடும்.

யாழ்ப்பாணத்தைப் பாருங்க. வருடத்துக்குச் சுமார் 1250 மில்லிமீற்றர் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு நீண்ட கோடை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு தவிர ஆறென்று சொல்ல ஒன்றில்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள்ளே இறங்கிய மழைதான் கிணற்றுத் தண்ணீர். இங்கே காலநிலை கோடு போடத் தோதானது, ஆனால் இங்குள்ள பனைக்கு எழுதத் தெரியாது. மலையில் உள்ள பைனுக்கு எழுதத் தெரியும், அங்கே காலநிலை இடம் கொடுக்காது. ஆகவே மரத்தின் கணக்கைப் படிக்க நாம் கடல் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.

தாய்லாந்துப் பைன் காடுகள்

தாய்லாந்தின் வடக்கு, வடகிழக்கு மலைகளில் இயற்கையான பைன் காடுகள் இருக்கின்றன. அங்கே இரண்டு வகை. ஊர் மக்கள் ஒன்றை இரண்டிலைப் பைன் என்றும் மற்றதை மூன்றிலைப் பைன் என்றும் சொல்கிறார்கள். ஒரு கட்டில் எத்தனை ஊசி என்று பார்த்து வைத்த பெயர். அங்கே வைகாசி முதல் ஐப்பசி வரை மழை, பிறகு அரை வருடம் வரட்சி. மரம் நன்றாக ஓய்ந்து நன்றாக எழுதுகிறது. இருநூறு வயதைத் தாண்டிய பைன்களும் அங்கே உண்டு. அந்நாட்டு அறிஞர்களும், அமெரிக்கா, அவுஸ்திரேலியா நாடுகளிலிருந்து வந்தவர்களும் 1990களில் இந்த மரங்களைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். மழைக்காலத்தின் தொடக்கத்தில் விழும் மழையும் அப்போதைய வெப்பமும் வளையத்தின் அகலத்தைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்று கண்டார்கள்.

மரத்தை வெட்டித்தான் பார்க்க வேண்டுமா? தேவையில்லை. உள்ளே துளையுள்ள மெல்லிய கைத்துறப்பணம் ஒன்றை மரத்தில் நெஞ்சு உயரத்தில் முறுக்கிச் செலுத்துவார்கள். பென்சிலை விட மெல்லிய மரக்குச்சி ஒன்று வெளியே வரும். பட்டையிலிருந்து நடு வரைக்கும் எல்லா வளையமும் அந்தக் குச்சியில் இருக்கும். மரம் சாகாது, ஓட்டையைத் தானே மூடிக்கொள்ளும். குச்சியைப் பலகையில் ஒட்டி, மட்டத்தாளால் கண்ணாடி போலத் தேய்த்து, நுணுக்குக்காட்டியில் வைத்து ஒவ்வொரு வளையத்தையும் மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கு வரை அளப்பார்கள்.

இனித்தான் முக்கியமான வேலை. ஒரு மரத்தை மட்டும் நம்ப மாட்டார்கள். ஒரு மரத்தைப் பூச்சி தின்றிருக்கலாம், பக்கத்து மரம் நிழல் கட்டியிருக்கலாம், ஒரு வருட வளையமே விழாமல் போயிருக்கலாம். அதனால் ஒரு காட்டில் இருபது மரத்துக்கு மேல் எடுத்து ஒன்றோடொன்று ஒப்பிடுவார்கள். இதை நமது செக்றோலை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். ஒரு லயத்தில் பத்துக் குடும்பத்தின் பேர்க் கணக்கை எடுத்துப் பாருங்க. மாசி, பங்குனியில் பத்துக் குடும்பத்துக்கும் பேர் குறைந்திருந்தால், அது கொழுந்து குறைந்த மாதம் என்று தெரியும். ஒரு வீட்டில் மட்டும் குறைந்திருந்தால் அந்த வீட்டில் சுகமில்லாமல் இருந்திருக்கும். ஒரு குடும்பத்தின் தாள் ஒன்று கிழிந்து தொலைந்து போனாலும், மற்றக் குடும்பங்களின் ஏற்ற இறக்கத்தோடு பொருத்திப் பார்த்து எந்த மாதம் தொலைந்தது என்று கணக்கப்பிள்ளை சொல்லிவிடுவார். மர ஆராய்ச்சியும் அப்படியே. எல்லா மரத்திலும் ஒரே இடத்தில் வளையம் ஒடுங்கியிருந்தால் அது மழையின் எழுத்து.

பிறகு, மழை அளந்த புத்தகம் இருக்கும் வருடங்களை எடுத்து, வளையத்தையும் மழையையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். இத்தனை அகலத்துக்கு இத்தனை மழை என்று கணக்குப் பிடிபடும். அந்தப் புத்தகத்தின் ஒரு பகுதியை வேண்டுமென்றே மூடி வைத்துவிட்டு, வளையத்தை மட்டும் பார்த்து மழையைச் சொல்லி, பிறகு திறந்து சரிபார்ப்பார்கள். அந்தச் சோதனையில் தேறினால்தான் புத்தகம் இல்லாத பழைய வருடங்களுக்குப் போவார்கள்.

கேரளத்துத் தேக்கு

நமக்குக் கிட்டிய சாட்சி கேரளத்தில் இருக்கிறது. தென்னிந்தியாவின் மலைகளிலும் இயற்கையான பைன் கிடையாது, ஆனால் தேக்கு உண்டு. தேக்கு கோடையில் இலையை உதிர்த்துவிட்டு ஓய்ந்திருக்கும், மழைக்குத் தளிர்க்கும். ஆகவே அதன் வளையம் தெளிவானது. ஜாவாத் தீவில் டச்சுக்காரரான பெர்லாகே என்பவர் 1931 லேயே தேக்கு வளையத்தையும் மழையையும் ஒப்பிட்டு எழுதினார்.

புனே நகரிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த போர்கோங்கரும் அவரது கூட்டாளிகளும், கேரளத்தில் மூன்று இடங்களின் தேக்கு மரங்களை எடுத்து 1481 முதல் 2003 வரை 523 ஆண்டுகளுக்கு ஒரு கணக்கை 2010 இல் வெளியிட்டார்கள். வளையம் ஒடுங்கிய வருடங்களில் பல, இந்தியாவில் பருவமழை குறைந்த வருடங்களாகவும் எல் நினோ வருடங்களாகவும் இருந்தன. எல் நினோ என்பது பசிபிக் சமுத்திரத்தின் நடுவிலும் கிழக்கிலும் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் நிலை. எங்கோ கடல் சூடானால் இங்கே மேகம் திசைமாறிப் போகிறது.

இங்கே ஒரு விசயத்தைக் கவனிக்க வேண்டும். எல் நினோ வந்தால் இலங்கை முழுவதும் எல்லா மாதமும் காயும் என்று இல்லை. தென்மேற்குப் பருவமழை பல தடவை குறைகிறது, ஆனால் ஐப்பசி முதல் மார்கழி வரையிலான மழை கூடுவதும் உண்டு. ஆகவே கேரள மரத்தின் கணக்கை அப்படியே நமது மலைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஒட்டிவிட முடியாது. ஒவ்வோர் இடத்துக்கும் அந்தந்த இடத்துச் சாட்சி வேண்டும். நமது நாட்டில் ஹோட்டன் சமவெளியில் சேற்றுக் கரிமண்ணைத் துளைத்தெடுத்து, அதில் படிந்த மகரந்தத்தை ஆராய்ந்து, 20,000 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலநிலையைப் படித்திருக்கிறார்கள். மரத்தில் வருடம் தெரியும், சேற்றில் யுகம் தெரியும் என்று வைத்துக்கொள்ளலாம்.

தாது வருசத்துப் பஞ்சம்

இனி நம்முடைய கதைக்கு வருவோம். லயத்தில் மூத்தவர்கள் "தாது வருசப் பஞ்சம்" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். பஞ்சத்தில் பிழைக்க வந்தோம் என்பார்கள். எந்தத் தாது வருசம்? நமது வருடப் பெயர்கள் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும். 1876 உம் தாது, 1936 உம் தாது, 1996 உம் தாது. பெயர் மட்டும் நினைவிருந்தால் காலம் குழம்பிப் போகும். மர வளையத்தில் இந்தக் குழப்பம் இல்லை. பட்டையிலிருந்து உள்ளே எண்ணிக்கொண்டு போனால் வருடம் வந்துவிடும்.

அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் குக் என்பவரும் கூட்டாளிகளும், ஆசியா முழுவதிலும் 300 க்கு மேற்பட்ட இடங்களின் மர வளையங்களைச் சேர்த்து, 1300 ஆம் ஆண்டு முதல் பருவமழை எங்கே எப்போது பொய்த்தது என்று வருடத்துக்கொரு படமாக 2010 இல் வெளியிட்டார்கள். அதில் அவர்கள் எடுத்துக்காட்டிய பெரும் வரட்சிகளில் ஒன்று 1876 முதல் 1878 வரையிலானது. அதுதான் தாது வருசத்தில் தொடங்கிய பஞ்ச காலம். நமது பாட்டிமார் வாயால் சொன்னதும் மரங்கள் எழுதி வைத்ததும் ஒத்துப் போகின்றன.

அப்போது சென்னை மாகாணத்திலும் மைசூரிலும் தக்காணத்திலும் 1876 இல் மழை பொய்த்தது. 1877 இல் வலுமிக்க எல் நினோ வந்தது. பஞ்சத்திலும் அதையொட்டிய நோயிலும் 50 இலட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டார்கள் என்று கணிக்கப்படுகிறது.

ஆனால் மரம் மழையின் கதையை மட்டுந்தான் சொல்லும். மழை பொய்த்த எல்லா வருடத்திலும் மக்கள் அப்படிச் சாகவில்லை. அந்தக் காலத்தில் தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. 1877 ஜனவரி 1 ஆம் திகதி, விக்டோரியா மகாராணியை இந்தியாவின் சக்கரவர்த்தினியாகப் பிரகடனம் செய்ய டில்லியில் பெரிய தர்பார் நடந்தது. அதே மாதத்தில் பஞ்சத்தை மேற்பார்வை செய்ய வந்த சேர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் கல்லுடைத்து மண் சுமந்தவர்களுக்கான தானியத்தை நாளைக்கு ஓர் இறாத்தலாகக் குறைத்தார். ஓர் இறாத்தல் என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. அதை உண்டு ஒரு முழு நாள் வேலை! வானம் செய்தது பாதி, ஆட்சி செய்தது பாதி.

பஞ்சத்தின் பிறகு ஆணைக்குழு வைத்து, 1880 இல் அறிக்கை எழுதி, பஞ்சம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று விதிகள் வகுத்தார்கள். சாவுக்குப் பிறகு வந்த சட்டம்.

அந்த நாட்களில்தான் இராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்து ஊர்களிலிருந்து சனம் கூட்டம் கூட்டமாகக் கண்டிச்சீமைக்குக் கிளம்பியது. தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் பலர். அப்போது மலையில் பெரும்பயிர் கோப்பி. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 1867 இல் தேயிலை போட்டிருந்தாலும், கோப்பி நோயால் அழிந்த பிறகுதான் தேயிலை மலையைப் பிடித்தது. நாம் எல்லோருமே அந்த ஒரு பஞ்சத்தில் வந்தவர்கள் என்று சொல்ல முடியாது. அதற்கு முன்பு 1830கள் முதலே வந்தவர்கள் உண்டு, பின்பும் வந்தவர்கள் உண்டு. ஆனால் ஒவ்வொரு முறையும் அங்கே மழை பொய்த்தபோது இங்கே வருகிற கூட்டம் கூடியது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம்? "நம்ம தலையெழுத்து, மலைக்கு வந்து கஷ்டப்படுறோம்" என்று நம்மில் சிலர் இன்றைக்கும் சொல்கிறார்கள். பிள்ளைகளும் அதைக் கேட்டு வளர்கிறார்கள். தலையெழுத்து என்று ஒன்று இதில் இல்லை. கடல் சூடாகி மழை பொய்த்தது ஒரு காரணம். இருந்த தானியத்தைப் பசித்தவனுக்குக் கொடுக்காதது இன்னொரு காரணம். இரண்டுக்கும் சாட்சி இருக்கிறது. ஒன்றை மரத்திலும் மற்றதைக் காகிதத்திலும் படிக்கலாம். நமது முன்னோர் சோம்பலாலோ பாவத்தாலோ ஊரை விட்டு வந்தவர்கள் அல்லர் என்பதைப் பிள்ளைகளுக்கு நாம் தலை நிமிர்ந்து சொல்ல வேண்டும்.

இதைவிட நீண்ட வரட்சிகள்

மரங்கள் இன்னொரு எச்சரிக்கையும் தருகின்றன. 1876 இன் வரட்சி கொடியது, ஆனால் ஏறக்குறைய மூன்று வருடத்தில் முடிந்தது. மழை அளக்கும் புத்தகம் தொடங்குவதற்கு முன்பு, 1756 முதல் 1768 வரை பத்து வருடத்துக்கு மேல் நீண்ட வரட்சி ஒன்றைத் தாய்லாந்துத் தேக்கும் மற்ற மரங்களும் காட்டுகின்றன. வியட்நாமின் மலைக்காட்டில் நிற்கும் சைப்பிரஸ் வகை மரங்களின் 750 ஆண்டுக் கணக்கில், பதினான்காம், பதினைந்தாம் நூற்றாண்டுகளில் பல பத்தாண்டுகள் நீடித்த வரட்சிகளும் இடையிடையே பெருமழையும் தெரிகின்றன. கம்போடியாவில் அங்கோர் நகரம் வீழ்ந்த காலம் அது. அங்கோர், நமது அனுராதபுரம் போலப் பெரிய குளங்களையும் வாய்க்கால்களையும் நம்பி வாழ்ந்த நகரம். அதன் வீழ்ச்சிக்கு வரட்சியும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று அறிஞர்கள் எழுதினார்கள்.

ஆக, நூற்றைம்பது வருடப் புத்தகத்தை மட்டும் பார்த்து "இதைவிட மோசமாக வராது" என்று யாரும் குளம் கட்டவோ, குடிதண்ணீர்த் திட்டம் போடவோ கூடாது. முன்பு வந்தது மறுபடியும் வரலாம். இப்போது பூமியும் சூடாகிக்கொண்டு வருகிறது.

நமது அரைப்பேரும் இந்தக் கணக்கில்தான்

வரட்சி என்றால் நமக்கு என்ன என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொழுந்து குறையும். நிறை வராது. முழுப்பேர் அரைப்பேராகும், பிறகு வேலை நாளே குறையும். பீலியில் தண்ணி நூலாகும், பெண்பிள்ளைகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தூரம் போவார்கள். 2015 இல் நமது நாட்டில் ஏறக்குறைய 32 கோடி 90 இலட்சம் கிலோ தேயிலை உற்பத்தியானது. 2016 இல் அது ஏறக்குறைய 29 கோடி 30 இலட்சம் கிலோவாக இறங்கியது. வேறு காரணங்களும் இருந்தன, வரட்சியும் முக்கியமான காரணம். அந்தக் குறைந்த கிலோவின் பின்னால் எத்தனை வீட்டில் அரைப்பேர் விழுந்தது என்பது புள்ளிவிபரத்தில் தெரியாது. நமக்குத் தெரியும்.

அதனால் மரம் செய்கிற வேலையை நாமும் செய்வோம் என்பதுதான் நமது வேண்டுகோள். பெரிய செலவில்லாத நான்கு காரியங்கள் சொல்கிறோம்.

முதலாவது, மழை அளப்பது. அடி தட்டையாகவும் பக்கம் நேராகவும் உள்ள ஒரு தகரப் பேணி போதும். லயத்துக்கு முன்னால் மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வையுங்க. தினமும் காலையில் பிரட்டுக்கு முன் அடிமட்டத்தை விட்டு எத்தனை மில்லிமீற்றர் தண்ணீர் என்று பார்த்து, அப்பியாசக் கொப்பியில் திகதியோடு எழுதிவிட்டுத் தண்ணீரைக் கொட்டிவிடுங்க. பேணி அகலமோ ஒடுக்கமோ, நேரான பேணியென்றால் கணக்கு ஒன்றுதான். மழை இல்லாத நாளில் பூச்சியம் என்று எழுத வேண்டும். பூச்சியமும் கணக்குத்தான். பாடசாலை போகும் பிள்ளைகளிடம் இந்தப் பொறுப்பைக் கொடுங்க.

இரண்டாவது, பீலியையும் ஊற்றையும் கவனிப்பது. ஒரு வாளி நிரம்ப எத்தனை நேரம் ஆகிறது என்று கிழமைக்கொரு தடவை எழுதி வையுங்க. "பைனஸ் தண்ணியைக் குடிச்சிடுது" என்று பல தோட்டங்களில் சொல்கிறார்கள். புல்வெளியைப் பைன் காடாக மாற்றினால் ஓடைத் தண்ணீர் குறைவதை வெளிநாடுகளில் அளந்தே காட்டியிருக்கிறார்கள். நமது ஊற்றில் என்ன நடக்கிறது என்பதை அளந்த கணக்கோடு சொன்னால்தான் நிர்வாகமும் அதிகாரிகளும் காது கொடுப்பார்கள். ஊற்றைச் சுற்றி நாட்டு மரங்களை நட்டுக் காப்பாற்ற வேண்டும்.

மூன்றாவது, பெரியவர்களின் ஞாபகத்தை எழுதி வைப்பது. எந்த ஊரிலிருந்து, எந்த வருசத்தில், எந்த வழியாக வந்தார்கள், எந்த வருசம் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது, எந்த வருசம் மண் சரிந்தது என்று கேட்டு எழுதுங்க. தமிழ் வருடப் பெயர் சொன்னால் அதையும் எழுதுங்க. இங்கிலீசு வருடத்தைப் பிறகு பொருத்திக்கொள்ளலாம். ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து முடிவு கட்டாமல் நாலைந்து பேர் சொன்னதை ஒப்பிட்டுப் பாருங்க. மர ஆராய்ச்சிக்காரர் செய்வதும் இதுதான்.

நான்காவது, வெட்டிய மரத்தின் அடிக்கட்டையைப் பார்க்காமல் கடந்து போகாதீர்கள். பைனஸோ தேக்கோ வெட்டியிருந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் வளையத்தை எண்ணச் சொல்லுங்க. ஒடுங்கிய வளையம் எங்கே, பொய் வளையம் போலத் தெரிவது எது என்று தேடட்டும். நட்ட வருடம் தெரிந்தால் எண்ணிக்கை சரியா என்று பார்க்கலாம். அவர்களில் ஒருவர் நாளைக்குப் பல்கலைக்கழகம் போய், நமது நாட்டு மரங்களில் எது நன்றாக எழுதுகிறது என்று தேடுகிற ஆராய்ச்சியாளராக வரலாம். வர வேண்டும்.

அன்பானவர்களே, ஒரு வருடம் எழுதிய கொப்பியால் பெரிய பயன் தெரியாது. பத்து வருடம் எழுதினால் தோட்டத்தின் மழை தெரியும். இருபது வருடம் எழுதினால், அடுத்த வரட்சியில் வேலை நாளைப் பற்றியும் குடிதண்ணீரைப் பற்றியும் பேசப் போகும்போது நமது கையில் ஆதாரம் இருக்கும். வாய்ப்பேச்சை மறுத்துவிடலாம், திகதி போட்ட கணக்கை மறுப்பது கடினம்.

ஊருக்குத் திரும்பியதும் ஒவ்வொரு டிவிசனிலும் ஒரு பேணியும் ஒரு கொப்பியும் வைக்க ஏற்பாடு செய்வோம். வருகிற மாதக் கூட்டத்துக்கு முதல் மாதக் கணக்கைக் கொண்டு வாருங்க. நல்ல முறையில் எழுதி வரும் டிவிசனின் கணக்கை இந்தப் பத்திரிகையிலே போடுவோம்.